பிள்ளை பெத்தவ நடந்தா தையல் பிரிஞ்சிடுமாம்! வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கு ஒரு கேள்வி

இயன்முறைக்காரி (திரியைத் தொடங்கியவர்), காலை 10.12
நேத்து எங்க குடும்பக் குழுவுல ஒரு ஆடியோ வந்துச்சு. பேசுறது யாருன்னு தெரியல, குரல்ல மட்டும் அப்படி ஒரு நம்பிக்கை. "சிசேரியன்ல வயித்துத் தசையை வெட்டித் தைக்கிறாங்க. அதனால ஒரு வருஷத்துக்கு நடைப்பயிற்சி கூடக் கூடாது. மீறினா தையல் பிரியும், தாய்ப்பால் புளிச்சுப் போகும்." இதுக்கு எங்க சித்தி மூணு கும்பிடு போட்டிருக்காங்க. நான் பதினோரு வருஷமா பிசியோதெரபி பார்க்கிறவ. அங்க வாயைத் திறந்தா "சின்னப் பொண்ணு சும்மா இரு"ன்னுடுவாங்க. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

சிசேரியன்ல தசையை வெட்டுறதில்லைங்க. தோல், கொழுப்பு, தசைக்கு மேல இருக்கிற உறை, இதையெல்லாம் வெட்டுறாங்க. வயித்து நடுவுல மேலிருந்து கீழா ஓடுற ரெண்டு பட்டைத் தசையை ஜன்னல் திரை மாதிரி ரெண்டு பக்கமும் விலக்கிட்டுதான் உள்ள போறாங்க. ஆபரேஷன் ஆன 24 மணி நேரத்துக்குள்ள எழுப்பி நடக்க விடுறதே, கால்ல ரத்தம் உறையக் கூடாதுன்னுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பிரசவமானவங்களுக்கும் சிக்கல் ஏதும் இல்லேன்னா வாரம் 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேணும்னு இருக்கு. மொத நாளே 150 இல்ல, படிப்படியா. ஒரு வருஷம் கட்டில்ல கிடன்னு எவன் சொன்னான்?

தஞ்சாவூர் தலையாட்டி, 10.40
எவனும் சொல்லல, நான் சொல்றேன். எனக்கு ரெண்டு பொண்ணு, நாலு பேரப்பிள்ளைங்க. நாலும் சிசேரியன். நாலுக்கும் பத்தியம் போட்டு, பூண்டு உரிச்சு, லேகியம் கிண்டினவ நான். தையலை இந்தக் கண்ணால பாத்தவ. முக்கால் சாண் தையல். வெட்டாமயா தச்சாங்க?

இயன்முறைக்காரி, 10.46
அம்மா, நீங்க பாத்தது தோல்ல போட்ட தையல்.

தஞ்சாவூர் தலையாட்டி, 10.49
தோலுக்கு மட்டும் தையல் போடவா, தங்கம், அவ்வளவு பில் போட்டாங்க?

மூணாவது மாடி, 11.05
வணக்கம். எனக்கு சிசேரியன் ஆகி 23 நாள் ஆகுது. பேர்லயே இருக்கு, வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மிதமான உடலுழைப்புன்னு சொல்றீங்களே, அது எது? படி ஏறுறது அதுல சேருமா? எத்தனை நிமிஷம்?

லண்டன் குயில், 11.20
எனக்கும் சிசேரியன்தான். லண்டனில பெத்தனான். அடுத்த நாள் காலமை தாதி வந்து எழும்பி நடவுங்கோ எண்டு சொன்னவ. நோகுது எண்டனான், நோகும்தான் எண்டிட்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவ. இங்க சொல்லுறது என்னெண்டால் நடை, நீட்டி மடக்கிற பயிற்சி எல்லாம் ஏலும் எண்டு உடம்பு சொன்னால் தொடங்கலாம், துள்ளல் குதியல் எல்லாம் ஆறாம் கிழமை (வாரம்) டொக்டர் பார்த்த பிறகு. ஓட்டம் எண்டால் 12 கிழமைக்கு முன்னம் வேண்டாம் எண்டு 2019 இல இங்கத்தைய பிசியோக்கள் எழுதினவை. பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற மருந்துச் சரக்குத்தூளை அம்மா யாழ்ப்பாணத்திலயிருந்து அனுப்பினவ, அதையும் சாப்பிட்டனான். ரெண்டுக்கும் சண்டை வரேல்லை.

தஞ்சாவூர் தலையாட்டி, 11.26
உங்க ஊர்க் குளிருக்குப் படுத்திருந்தா விறைச்சுப் போவீங்க, நடந்துதான் ஆகணும். இங்க பச்சை உடம்புக்காரி காத்துல நடந்தா ஜன்னி வரும். அதை விடுங்க. வெட்டுறாங்களா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லுங்க.

இயன்முறைக்காரி, 11.31
ஜன்னி காத்துனால வரல. கர்ப்பப்பையில கிருமி புகுந்து வர்ற காய்ச்சலுக்குத்தான் அந்தக் காலத்துல அந்தப் பேரு. வெட்டலை. விலக்குறாங்க. வி ல க் கு றா ங் க.

தஞ்சாவூர் தலையாட்டி, 11.33
எழுத்தை விலக்கி எழுதினா மட்டும் உண்மையாயிடாது.

தியேட்டர் சிஸ்டர், மதியம் 12.15
ஆபரேஷன் தியேட்டர்ல 26 வருஷம் நின்னுட்டு ரிட்டயர் ஆனவ நான். இயன்முறைக்காரி சொல்றது பெரும்பாலும் சரி. அடிவயித்துல குறுக்கே போடுற கீறலை 1900-ல ஜெர்மன் மருத்துவர் ஃபானன்ஸ்டீல் எழுதி வச்சார், இன்னிக்கும் பல இடத்துல அதோட வழிதான். அதுல பட்டைத் தசையை நடுவுல பிரிச்சு விலக்குவாங்க. ஆனா "வெட்டுறதே இல்ல"ன்னு அடிச்சுப் பேசாதம்மா. இடம் பத்தாதப்ப தசையையும் குறுக்கே வெட்டுற மேலார்ட் கீறல்னு ஒண்ணு இருக்கு. அபூர்வம்.

மூணாவது மாடிக்கு: ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி ஏறலாம்மா. கைப்பிடியைப் பிடிச்சுக்க, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்கிக்க. பிள்ளையை விட கனமா எதையும் தூக்காதே. ரத்தப்போக்கு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ உடனே டாக்டர்.

தஞ்சாவூர் தலையாட்டி, 12.18
வெட்டுறாங்க!!! 26 வருஷம் தியேட்டர்ல நின்னவங்களே சொல்லிட்டாங்க. பதினோரு வருஷம் எங்கே, இருபத்தாறு எங்கே.

இயன்முறைக்காரி, 12.22
கடைசியில "அபூர்வம்"னு ஒரு சொல் இருக்கு. அதைப் படிக்கிறப்ப மட்டும் கண்ணாடியைக் கழட்டிட்டீங்களா?

சிஸ்டர், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா பார்க்காத பேஷன்ட்டுக்கு "ஒரு தடவை ஏறு"ன்னு எண்ணிக்கை சொல்றது சரியில்ல. ரத்தசோகை இருக்கா, பிபி இருக்கா, ஒண்ணும் கேக்கல.

தியேட்டர் சிஸ்டர், 12.30
நீ அந்தப் பொண்ணுக்குப் பதிலே சொல்லல. நான் சொன்னது மட்டும் தப்பாயிடுச்சா? பிசியோ படிச்சவங்களுக்கு நர்ஸ்னாலே இளக்காரம், இது எனக்குப் புதுசில்ல.

கடலூர் கணக்கர், 12.44
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ரோமப் பேரரசர் ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் சிசேரியன் என்ற பெயரே வந்தது. மேலும், வீட்டு வேலையே நல்ல உடற்பயிற்சிதானே? தனியாக நடப்பானேன்?

லண்டன் குயில், 12.51
சீசர் பேரரசரே இல்லை அண்ணை. அந்தக் காலத்தில வயித்தைக் கிழிச்சால் தாய் தப்ப மாட்டா. சீசரின்ர தாய் ஔரேலியா மகன் பெரியாளாகி போருக்குப் போற வரைக்கும் உயிரோட இருந்தவ.

கடலூர் கணக்கர், 12.58
அப்படியானால் மௌரிய மன்னன் பிந்துசாரன்? தாய் விஷம் உண்டு இறக்க, சாணக்கியர் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார் என்று சமணக் கதை இருக்கிறது. நம்மிடம் எல்லாம் முன்பே இருந்தது.

பொள்ளாச்சி மைனா, 1.10
ஏனுங்க கணக்கரே, வீட்டு வேலை நல்ல பயிற்சின்னா நீங்க ஏனுங்க பண்றதில்ல? எங்கம்மா என்னையப் பெத்துப் பதினஞ்சாம் நாளு கடலைக்காட்டுல குனிஞ்சு பறிச்சுதுங்க. தண்ணிக் கொடம் ரெண்டு, ஒண்ணு இடுப்புல ஒண்ணு தலையில. நாப்பது வயசுல அடி இறங்கிருச்சு, கர்ப்பப்பை கீழ வந்துருச்சுங்க. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பத்து வருசம் துணியை வெச்சுக்கிட்டே சுத்துச்சு. இதுல எங்கீங்க பயிற்சி?

தஞ்சாவூர் தலையாட்டி, 1.14
பாத்தீங்களா? இதைத்தான் காலையிலேர்ந்து கத்துறேன். உடம்பு கூடுறதுக்கு முன்னாடி எழுந்தா அடி இறங்கும்.

இயன்முறைக்காரி, 1.19
இல்லம்மா, அவங்க அம்மா கதை எனக்குத்தான் சாட்சி. அவங்களுக்குக் கிடைச்சது சுமை, பயிற்சி இல்ல. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழேருந்து தாங்குற இடுப்புத்தளத் தசையைச் சுருக்கிப் பிடிச்சு, விட்டு, பலப்படுத்தச் சொல்லி யாராவது சொல்லிக் கொடுத்திருந்தா நிலைமை வேற. அர்னால்ட் கீகல்ங்கிற மருத்துவர் 1948-லயே எழுதின விஷயம். படுத்துக்கிட்டே செய்யலாம், பால் கொடுத்துக்கிட்டே செய்யலாம். இதுக்கு எந்தத் தசையையும் யாரும் வெட்டி...

தஞ்சாவூர் தலையாட்டி, 1.21
வெட்டுறாங்கன்னு சிஸ்டர் சொல்லியாச்சு. அதைத் தாண்டிப் போகாதே.

பொள்ளாச்சி மைனா, 1.25
எங்கம்மா யாருக்கும் சாட்சி சொல்ல வரலீங்க. சும்மா மனசு பொறுக்காம எழுதினேன்.

மூணாவது மாடி, 2.02
நேத்து மல்லாந்து படுத்து எழுந்தப்ப தொப்புளுக்கு மேல நடுவுல மேடு மாதிரி கூம்பிட்டு வந்துச்சு. விரலை வச்சா பள்ளம். பயமா இருக்கு. தையல் உள்ள பிரிஞ்சிடுச்சா?

இயன்முறைக்காரி, 2.09
தையல் பிரியல, பயப்படாதீங்க. கர்ப்பத்துல வயிறு விரியறப்ப ரெண்டு பட்டைத் தசைக்கும் நடுவுல இருக்கிற நாண் தளர்ந்திருக்கும், சுகப்பிரசவம் ஆனவங்களுக்கும் வரும். முழங்காலை மடக்கிப் படுத்து, தலையை மட்டும் லேசாத் தூக்கி, தொப்புள் பக்கத்துல விரலைக் குறுக்கே வச்சுப் பாருங்க. ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி இருந்தா ஒரு பிசியோகிட்ட நேர்ல காட்டுங்க. பல பேருக்கு வாரக்கணக்குல தானா குறையும். இப்போதைக்கு சிட்அப் (மல்லாந்து படுத்து எழுந்திருக்கிற பயிற்சி) வேண்டாம். எழுந்திருக்கிறப்ப ஒருக்களிச்சு, கையை ஊன்றி எழுந்திருங்க. மூச்சை விட்டுக்கிட்டே அடிவயித்தை லேசா உள்ள இழுங்க, அதுவே இப்போதைக்குப் பயிற்சி.

தலையாட்டியம்மா, நல்லாக் கவனிங்க. அந்தத் தசை முழுசா இருக்கிறதாலதான் இடைவெளியையே அளக்க முடியுது.

தஞ்சாவூர் தலையாட்டி, 2.15
அளக்க வேணாம், பழைய வேட்டியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டு, பள்ளம் மேடு எல்லாம் சரியாயிடும். என் பெரிய பொண்ணுக்குக் கட்டினேன், கல்யாணத்துக்கு வாங்கின ஜாக்கெட்டே சேர்ந்துச்சு. சின்னவ இன்ஸ்டாகிராம் பாத்து என்னமோ பண்ணினா. அவ வயிறு எப்படி இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.

இயன்முறைக்காரி, 2.20
கட்டு தாங்கும், தசையை வளர்க்காது. மூச்சு முட்ட இறுக்கினா அழுத்தம் கீழே இறங்கி, மைனா அம்மாவுக்கு வந்த தொல்லை இன்னும் கூடும்.

பால் புளிக்கிற கதைக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். 1994-ல அமெரிக்காவுல ஆய்வு பண்ணிப் பாத்துட்டாங்க. பால் கொடுக்கிற அம்மாக்களை நாளுக்கு 45 நிமிஷம், வாரம் 5 நாள், 12 வாரம் பயிற்சி செய்ய வச்சாங்க. பாலோட அளவும் குறையல, பிள்ளைங்க எடை ஏறுறதுலயும் வித்தியாசம் இல்ல.

தஞ்சாவூர் தலையாட்டி, 2.23
புளிச்சுதா இல்லையான்னு குடிச்சுப் பாத்தது யாரு, அந்த டாக்டரா?

போன மாசம் பால்சுறாப் புட்டு திரியிலயும் இப்படித்தான், "ஆதாரம் இருக்கா ஆதாரம் இருக்கா"ன்னு உயிரை எடுத்தே. அன்னிக்கு நான் விட்டுக்கொடுத்தேன்.

இயன்முறைக்காரி, 2.25
விட்டுக்கொடுத்தீங்களா? நிர்வாகி திரியைப் பூட்டினார்!

கடலூர் கணக்கர், 2.31
இங்கே யாரும் நடைப்பயிற்சி என்றால் என்ன என்று வரையறுக்கவே இல்லை. வீட்டுக்குள் நடப்பதா, வெளியே நடப்பதா?

தஞ்சாவூர் தலையாட்டி, 2.33
சீசர் மாமா, நீங்க மொதல்ல சாப்பிட்ட தட்டைக் கழுவி வைங்க. பேரு தலையாட்டிதான், ஆனா கண்டதுக்கெல்லாம் தலையாட்ட மாட்டேன்.

மூணாவது மாடி, 2.50
அப்ப படி ஏறலாமா வேண்டாமா? சிஸ்டர் ஒரு தடவைன்னாங்க, அதுவும் தப்புன்னு சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை குழந்தைக்கு டாக்டரைப் பார்க்கப் போகணும். முழிச்சுட்டான், அப்புறம் வர்றேன்.

தியேட்டர் சிஸ்டர், 2.58
ஏறும்மா. நான் சொன்னதுல மாத்தமில்ல. வேணும்னா வழியில பிசியோகிட்ட லைசென்ஸ் வாங்கிக்க.

இயன்முறைக்காரி, 3.04
ஏற வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? கேக்காம எண்ணிக்கை சொல்லாதீங்கன்னேன். இந்த வித்தியாசம் கூடப் புரியலேன்னா நான் என்ன பண்ண.

தஞ்சாவூர் தலையாட்டி, 3.10
நாளைக்கு எங்க டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டு வந்து எழுதறேன். வெட்டலைன்னு அவங்களும் சொல்லிட்டா ஆஸ்பத்திரியை மாத்திடுவேன்.

கடலூர் கணக்கர், 3.16
பிந்துசாரன் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.