மின் கார் சார்ஜரை ஹோம் அசிஸ்டென்ட்டுடன் இணைப்பது: லோ வோல்டேஜ் உள்ள கிராமத்து வீட்டில் எது சரியான வழி?

கேள்வி (திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமவாசி)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய ஓட்டு வீடு. மீட்டரும் டி.பி. பெட்டியும் (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) திண்ணை ஓரத்தில் உள்ளன; கார் நிற்கும் கொட்டகையோ அங்கிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் தள்ளிக் கொல்லைக் கோடியில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை நிறுவி, மேல்நிலைத் தொட்டி மோட்டாரையும் தோட்ட விளக்குகளையும் இயக்கி வருகிறேன். கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளும் உண்டு. அண்மையில் வாங்கிய மின் காருக்காக 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். இணைப்பு மும்முனை என்றாலும், சார்ஜர் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் எடுக்கிறது. மோட்டாரும் அதே ஃபேஸில்தான் இருக்கிறது.

குறுவைக்கு நாற்றங்கால் விட்டதிலிருந்து ஊரில் ஆழ்குழாய் மோட்டார்கள் ஓயாமல் ஓடுவதால், மாலை நேரத்தில் வோல்டேஜ் 190 வரை இறங்கிவிடுகிறது. சார்ஜர் பிழை காட்டி நிற்கிறது, சற்று நேரத்தில் தானே தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. இரவெல்லாம் இதே கதைதான். ஆகவே சார்ஜருக்கு முன்னால் ஒரு கான்டாக்டரும் (பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சு) அதை இயக்கும் ஸ்மார்ட் ரிலேயும் பொருத்தி, வோல்டேஜ் 200-க்குக் கீழே போனால் ஹோம் அசிஸ்டென்ட் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு செய்யலாம் என்று எண்ணுகிறேன். பகலில் சூரிய மின்சாரத்தைக் கொண்டே கார் ஏற வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இந்த முறை சரிதானா?

பதில் 1 (தஞ்சாவூர், மென்பொருள் பணி)

ஐயா, ரிலே வேண்டாம். கார் முழு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து துண்டித்தால், ஒவ்வொரு முறையும் கான்டாக்டரின் முனைகள் பொறி பறந்து தேயும். சார்ஜருக்கும் அது திடீர் மின்தடையாகத்தான் தெரியும். காரிடம் குறைவாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழி சார்ஜருக்குள்ளேயே இருக்கிறது. சார்ஜருக்கும் காருக்கும் இடையிலுள்ள கன்ட்ரோல் பைலட் கம்பியில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை ஓடுகிறது. அந்த அலை எத்தனை விழுக்காடு நேரம் உயர்நிலையில் இருக்கிறது என்பதை 0.6 ஆல் பெருக்கினால் கார் எடுக்கக்கூடிய ஆம்பியர் கிடைக்கும். 16 ஆம்பியருக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு, 32 ஆம்பியருக்கு 53. அலை மாறியவுடன் சில விநாடிகளில் கார் தன் இழுப்பை மாற்றிக்கொள்ளும். கீழ் எல்லை 6 ஆம்பியர். அதற்கும் குறைவாக வேண்டுமென்றால் நிறுத்தி வைப்பது ஒன்றே வழி.

இந்த வரம்பை ஹோம் அசிஸ்டென்ட்டிலிருந்து மாற்றுவதற்கு உங்கள் சார்ஜர் ஓ.சி.பி.பி. 1.6 நெறிமுறையைப் புரிந்துகொள்கிறதா என்று முதலில் பாருங்கள். சார்ஜரும் அதை மேலாளும் கணினியும் பேசிக்கொள்வதற்காக, பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கென உருவான நெறிமுறை அது. வீட்டுச் சார்ஜர்கள் பலவற்றிலும் உண்டு. ஹெச்.ஏ.சி.எஸ். (ஹோம் அசிஸ்டென்ட்டுக்கான கூடுதல் இணைப்புகளின் தொகுப்பு) வழியாக ஓ.சி.பி.பி. இணைப்பை நிறுவினால் ராஸ்பெர்ரி பையே சார்ஜருக்குக் கட்டளையிடும் மைய நிலையமாகிவிடும். பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இங்கே ஹோம் அசிஸ்டென்ட் சார்ஜரைத் தேடிப் போவதில்லை, சார்ஜர்தான் ஹோம் அசிஸ்டென்ட்டைத் தேடி வருகிறது. ஆகவே சார்ஜரின் அமைப்புப் பக்கத்தில் மைய நிலையத்தின் முகவரியாகப் பையின் ஐ.பி. எண்ணையும் 9000 என்ற போர்ட்டையும் எழுத வேண்டும், அந்த ஐ.பி. மாறாதபடி ரவுட்டரில் நிலைப்படுத்தியும் வைக்க வேண்டும். சில நிறுவனங்கள் இந்த முகவரியைத் தங்கள் சர்வரோடு பூட்டி வைத்திருக்கும்; அப்படியானால் அவர்களைக் கேட்டுத்தான் திறக்க முடியும். கொல்லைக் கோடி வரை வைஃபையை நம்ப வேண்டாம். பழைய வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். மின்கேபிளிலிருந்து விலக்கித் தனிக் குழாயில் ஒரு ஈதர்நெட் கேபிளைக் கொண்டுபோய்விடுங்கள்.

பதில் 2 (மன்னார்குடி, மின் ஒப்பந்ததாரர்)

மென்பொருளுக்குப் போகும் முன்னால் கொல்லை வரை எந்தக் கேபிள் போகிறது என்று சொல்லுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளின் தடை கிலோமீட்டருக்கு 4.61 ஓம். போக வர 70 மீட்டரில் 32 ஆம்பியர் ஓடினால் அந்தக் கேபிளிலேயே 10 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஏறத்தாழ 4 வோல்ட்தான். ஊரின் லோ வோல்டேஜை நம்மால் திருத்த முடியாது. நம் வீட்டுக்குள் தொலையும் 6 வோல்ட்டைத் திருத்தலாம்.

அடுத்தது எர்த். நம் பகுதிக் களிமண் மழைக்காலத்தில் நன்றாகவே வேலை செய்யும். சித்திரை வைகாசியில் வெடிப்பு விட்டதும் கம்பியை விட்டு மண் விலகி நிற்கும். சார்ஜர் அடிக்கடி நிற்பதற்கு இதுவும் காரணமாகலாம் என்பதால், சார்ஜர் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சொந்த எர்த் குழியை நம்பியிருக்கும் வீட்டில், கசிவு ஏற்பட்டால் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் சுவிட்சு) விழும் அளவுக்கு மின்னோட்டம் பாயாமல் போகலாம்; 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்சு) இல்லாமல் சார்ஜரை ஓட்டவே கூடாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் (டி.சி.) கசிவைக் கண்டறியும் ஏற்பாடு இருந்தால் ஆர்.சி.சி.பி.யில் ஏ வகை போதும், இல்லையேல் பி வகை வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏ.சி. வகை இதற்கு ஆகாது. நேர்மின் கசிவு வந்தால் அது குருடாகிவிடும்.

பதில் 3 (மயிலாடுதுறை, இதே முறையைக் கையாள்பவர்)

முதல் பதிலில் சொன்னபடி இணைத்தபின் விதிகளை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். வோல்டேஜ் குறைகிறது என்று மின்னோட்டத்தைக் குறைத்தால், அந்தக் குறைப்பினாலேயே வோல்டேஜ் ஏறும். ஏறியது கண்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் மறுபடி இறங்கும். ஒரே எல்லையை வைத்து எழுதிய என் முதல் விதி இப்படித்தான் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தது. இப்போது 205 வோல்ட்டுக்குக் கீழே அரை நிமிடம் நின்றால் 10 ஆம்பியராகவும், அதன் பின்னும் 195-க்குக் கீழே போனால் 6 ஆகவும் குறைகிறது. 218-க்கு மேல் பத்து நிமிடம் நிலைத்தால் மட்டும் 2 ஆம்பியர் கூடுகிறது. உங்கள் ஊர் லைனுக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் இடைவெளி இருப்பதே முக்கியம். வோல்டேஜை அளக்க டி.பி. பெட்டியில் பி.செட்.இ.எம். 004டி அளவியை ஈ.எஸ்.பி.ஹோம் (சிறு வைஃபை சில்லுகளை ஹோம் அசிஸ்டென்ட்டோடு சேர்க்கும் மென்பொருள்) வழியாக இணைத்திருக்கிறேன்.

சூரிய மின்சாரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 6 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் 1.38 கிலோவாட். 3 கிலோவாட் தகடுகள் உச்சி வேளையில் தருவதில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 6 முதல் 9 ஆம்பியர் வரைதான் இருக்கும். 8 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஏறினால் 9 யூனிட் சேரும். அதைக்கொண்டு கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகலாம், திரும்பி வருவதற்குச் சற்றே போதாது. மேகம் மறைத்த ஒவ்வொரு தடவையும் நிறுத்த வேண்டாம். பத்து நிமிடமாவது 6 ஆம்பியரில் ஓடவிட்டு, அதன் பிறகும் வெயில் வராவிட்டால் நிறுத்துங்கள். உங்களுடையது நெட் மீட்டர் என்றால் இதில் மிச்சமாகும் பணம் குறைவே. பகலில் வெளியே போகும் யூனிட் எப்படியும் கணக்கில் கழிந்துவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய பயன், சுமை மாலையிலிருந்து பகலுக்கு மாறியதுதான். மின்தடையின்போது, சூரிய மின்சாரத்தை ஊர் லைனோடு சேர்க்கும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் தானும் நின்றுவிடும் என்பதால், அப்போது வெயில் இருந்தும் கார் ஏறாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ரிலே யோசனையைக் கைவிட்டேன். கேபிள் 4 சதுர மில்லிமீட்டர்தான். மின்பணியாளர் மிச்சம் பிடித்திருக்கிறார். 10-க்கு மாற்றி, புது எர்த் குழியும் எடுத்த பிறகு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 14 வோல்ட் காட்டிய இடத்தில் இப்போது 2 காட்டுகிறது. ஓ.சி.பி.பி. முகவரியை நிறுவனத்தார் ஒரு வாரம் கழித்துத் திறந்துகொடுத்தார்கள். ஐந்து இரவுகளாகச் சார்ஜர் ஒருமுறைகூடப் பிழை காட்டவில்லை.

ஒரே ஒரு குறை. மின்தடை நீங்கியதும் பை எழுந்து வருவதற்குள் சார்ஜர் முந்திக்கொண்டு இரண்டு நிமிடம் 32 ஆம்பியரில் ஓடுகிறது. ஊர் முழுவதும் மோட்டார்கள் ஒருசேரக் கிளம்பும் வேளையும் அதுவே.

பதில் 1 (தஞ்சாவூர்)

நடப்பிலுள்ள சார்ஜிங்குக்கு மட்டும் வரம்பு வைத்திருப்பீர்கள். மின்தடையோடு அது முடிந்துபோகிறது. டி.எக்ஸ். டிஃபால்ட் ப்ரொஃபைல் என்ற இயல்பு வரம்பை 10 ஆம்பியராகச் சார்ஜருக்குள்ளேயே எழுதிவிட்டு, வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது மட்டும் பை அதைக் கூட்டுமாறு விதியைத் திருப்பி எழுதுங்கள். எழுதியபின் மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். சில சார்ஜர்கள் மறுதொடக்கத்தில் இந்த வரம்பையும் மறந்துவிடுகின்றன. உங்களுடையது அந்த இனமானால், மூடியைக் கழற்றி உள்ளேயுள்ள மின்னோட்டத் தேர்வு ஸ்விட்சையே 16-க்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.