அப்டேட்: லேபிள் ஒருவழியா ஓகே ஆயிடுச்சு

போன தடவ கேட்டிருந்தேன்ல, என் உணவுப் பாக்கெட்டுல அமெரிக்காவுக்குப் போட்ட நியூட்ரிஷன் லேபிளையே மொழிய மட்டும் மாத்தி ஐரோப்பாவுக்கும் ஒட்டலாமான்னு. ஒட்டாதீங்கன்னு சொன்னவங்கதான் சரி, நான்தான் கேக்காம பிரின்ட் அடிச்சு மாட்டிக்கிட்டேன்.

உப்பு மேட்டர் சிம்பிள், அமெரிக்காவுல சோடியம்னு மில்லிகிராம்ல போடுறத ஐரோப்பாவுக்கு 2.5ஆல பெருக்கி உப்புன்னு கிராம்ல போடணும், அதாவது 400 மில்லிகிராம் சோடியம்னா 1 கிராம் உப்பு. என்னைய கவுத்தது கார்போஹைட்ரேட்தான். அமெரிக்க லேபிள்ல மொத்த கார்போல நார்ச்சத்தும் சேர்ந்தே வரும், ஐரோப்பாவோட 1169/2011ங்கிற உணவு லேபிள் விதிப்படி அதக் கழிச்சுட்டுதான் போடணும், எனக்கு 100 கிராமுக்கு 60ன்னு இருந்ததுல 10 நார்ச்சத்து, அப்போ 50தான். கலோரி கணக்கும் அதோட மாறிடுச்சு, நார்ச்சத்துக்கு கிராமுக்கு 2 கிலோகலோரி, மீதி கார்போவுக்கு 4, நான் எல்லாத்தையும் 4ஆல பெருக்கி 20 கூடுதலா போட்டு வச்சிருக்கேன்!

அப்புறம் எனர்ஜிய கலோரியோட கிலோஜூல்லயும் போடுறது கட்டாயம். 100 கிராமுக்கு எவ்வளவுங்கிறது கண்டிப்பா வேணும், ஒரு தடவ சாப்பிடுற அளவுக்கான கணக்கு மட்டும் போட்டா செல்லாது. கொலஸ்ட்ரால், டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை வரியெல்லாம் ஐரோப்பா லேபிளோட நியூட்ரிஷன் டேபிள்ல இருக்கவே கூடாதாம், கூடுதலா தகவல் குடுத்தா நல்லதுதானேன்னு நெனச்சேன், ம்ஹூம்.

பழைய ஸ்டிக்கர் ரெண்டு பெட்டி அப்படியே கிடக்கு.