ஒற்றைச் செருப்போடு வந்த அப்பா

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒருநாள் காய்கறி வாங்கப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலிலேயே "இன்னொண்ணு எங்கே?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார், எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. வயசாகிவிட்டது, மறதி என்று நாங்கள் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நாலைந்து மாதம் கழித்து ஹாலில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. அம்மா துடைத்துக்கொண்டே போய்ப் பார்த்தால் அப்பாவின் குதிகாலில் காலண்டர் மாட்டுகிற சின்ன ஆணி தலைவரை இறங்கியிருக்கிறது, அவர் பாட்டுக்குச் சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழையாம், தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சோதனை. இரண்டு காலையும் முடித்து இழையை மேஜையில் வைத்துவிட்டார். அப்பா இன்னும் கண்ணை மூடிக்கொண்டே, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்றார்.

எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்தது) போடச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம், "அது தொழுநோய்க்காரங்க போடுறதுல்ல?" என்று. அவர் சொன்னதும் தப்பில்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் வேலை பார்த்தபோது கண்டு சொன்ன விஷயம் இது: தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் கவனிப்பில்லாமல் முற்றித்தான் போகின்றன. சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கும் அதே கதைதான், அதனால் அதே செருப்பு. இதையெல்லாம் விளக்கினேன், கேட்கவில்லை. கடைக்காரர் "வாக்கிங் போறவங்க நிறைய பேர் வாங்குறாங்க சார்" என்றார், உடனே அப்பா காலை நீட்டிவிட்டார்!

இப்போது தினமும் படுக்கும் முன் அம்மா முகம் பார்க்கிற கண்ணாடியை அவர் பாதத்துக்குக் கீழே பிடித்து விரலிடுக்கு வரை பார்க்கிறார். இப்படி வேறு யார் வீட்டிலாவது நடந்திருக்கிறதா?

— — —

எங்கள் வீட்டில் மாமியாருக்கு. போன சித்திரையில் பகலிலேயே திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டரும் வெறுங்கால். வந்து உட்கார்ந்ததும், "இந்த வருஷம் காலே சுடல, எல்லாம் அண்ணாமலையார் கருணை" என்று கையெடுத்துக் கும்பிட்டார். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தபோது பார்த்தேன், இரண்டு பாதத்திலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். ஆற மூன்று மாதம் ஆனது. இந்தத் தடவை ஆட்டோவில் சுற்றலாம் என்கிறோம், அவர் பிடி கொடுக்கவில்லை.

— — —

போகட்டும், ஆனால் செருப்பு இல்லாமல் விடாதீர்கள். சாக்ஸ் போட ஒத்துக்கொண்டால் வெள்ளையாக வாங்குங்கள். அப்பாவுக்கு நாங்கள் அதுதான் வாங்குகிறோம், ரத்தம் பட்டால் உடனே தெரியும்.