கொத்தனாரா இருந்த எங்க அப்பாவ பத்தி எழுதி வைக்கணும், எப்படி ஆரம்பிக்கறது?

கோத்தகிரி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அப்பாவுக்கு முதல் வருஷ திதி. தம்பி ப்ளெக்ஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டு பக்கம் வெச்சிரலாம்ங்கிறான், அம்மா கோயில்ல அன்னதானம் போட்டா போதும்ங்கிறாங்க, எனக்கு அவர பத்தி எழுத்துல ஒண்ணு இருக்கணும்னு ஆசை. சின்ன புத்தகம் மாதிரி பிரிண்ட் போட்டு சொந்தக்காரங்களுக்கும் அவர்கூட வேலை செஞ்சவங்களுக்கும் குடுக்கலாம்னு இருக்கேன். ஆனா எழுத உக்காந்தா "கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்"னு ரெண்டு வரி வருது, அதோட நிக்குது. அது உண்மைதான், ஆனா யாரோட அப்பாவுக்கும் அத எழுதிரலாமே.

தெரிஞ்சத சொல்றேன். தாத்தா குடும்பம் சிலோன்ல இருந்து எழுபதுகள்ல வந்தவங்க, சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அங்கிருந்து நீலகிரி மலைக்கு. தாத்தாவுக்கு டான்டீல, அதான் கவர்மெண்ட் தேயிலைத் தோட்டத்துல, வேலை கெடச்சுது. அப்பா இலை பறிக்கற பக்கம் போகல, சின்ன வயசுலயே ஒரு மேஸ்திரிகிட்ட கையாளா சேந்து கல்லு சொமந்து, கலவை போட்டு, அப்புறம் கரண்டி பிடிச்சவர். கருங்கல் கட்டுதான் அவரு கை. பூச்சு வேலைய விட தடுப்புச் சுவருக்குத்தான் அவர தேடி வருவாங்க.

கோயம்புத்தூர்ல, கேரளாவுல எல்லாம் கூலி ஜாஸ்தின்னு கூப்பிட்டாங்க, போகவே மாட்டாரு. ராத்திரி எங்ககூட சாப்பிடணும் அவருக்கு. சனிக்கிழமை சம்பளம் வாங்கினா பேக்கரில வர்க்கி வாங்கிட்டுத்தான் வருவாரு, சிமெண்ட் தின்ன விரல் எல்லாம் வெடிச்சு கெடக்கும், அந்தக் கையாலயே எங்க நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுக் குடுப்பாரு. என்னை நர்சிங் படிக்க வெச்சப்போ எங்க வீட்டுக்கு இன்னும் தகரக் கூரைதான்.

இன்னொண்ணு, இத வேற யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. புரட்டாசி வந்தா ஞாயித்துக்கிழமைகள்ல ஒரு கம்பிய எடுத்துக்கிட்டு, எப்பவோ கட்டின சுவரையெல்லாம் பாக்கப் போவாரு. தண்ணி வெளிய வர்றதுக்கு சுவத்துல விட்டிருக்க ஓட்டைய கம்பிய விட்டுக் குத்தி மண்ணு, வேரு எல்லாம் எடுப்பாரு. காசு வாங்க மாட்டாரு. வீட்டுக்காரங்களே மாறியிருப்பாங்க, இவரு யாருன்னே தெரியாது அவங்களுக்கு. நானும் சின்னப் புள்ளைல கூட போயிருக்கேன்.

இத எல்லாம் எப்படி கோக்கறது? பிறந்த தேதில இருந்து ஆரம்பிக்கணுமா? இந்த மாதிரி எழுதினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

சைட்_இன்ஜினியர்_குன்னூர்:

தங்கச்சி, பிறந்த தேதி எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம், அந்தக் கம்பில இருந்து ஆரம்பிங்க.

அந்த வேலை எவ்வளவு பெருசுன்னு வெளியூர்காரங்களுக்குப் புரியற மாதிரி எழுதணும். நம்ம மலைல மண்ணு கனமா, ஆழமா கெடக்கு. மழை ஊற ஊற தண்ணி சுவருக்குப் பின்னாடி தேங்கி நிக்கும், பாதிச் சுவர் சாயறது மண்ணு பாரத்துல இல்ல, அந்தத் தண்ணி தள்ளறதுலதான். ஓட்டை அடைச்சா சுவர் எவ்வளவு தடியா இருந்தாலும் வேலைக்கு ஆகாது. ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடி மழைல அடி வாங்கும், கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகைதான் பயம். அப்போ உங்க அப்பா புரட்டாசில போனது சும்மா இல்ல, மழைக்கு முன்னாடி போயிருக்காரு. 2009 நவம்பர்ல ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு அத்தனை இடத்துல மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. அந்த மழைல அவர் கட்டினதுல எதெல்லாம் நின்னுச்சுன்னு விசாரிச்சுப் பாருங்க, அதுவே ஒரு அத்தியாயம் வரும்.

நல்ல கல் கட்டு ஆளு எப்படி வேலை செய்வாருன்னும் எழுதுங்க. கல்ல சுத்தியால ஒரு தட்டு தட்டி சத்தம் கேப்பாங்க, பொத்துன்னு சத்தம் வந்தா ஒதுக்கிருவாங்க. கல்ல நனைச்சுட்டுத்தான் சாந்து வெப்பாங்க. முன்னாடி ஒரு வரிசை பின்னாடி ஒரு வரிசைன்னு கட்டிட்டு நடுவுல சல்லிய கொட்டி மூடறவங்க இருக்காங்க, அது ஒரு மழைல ரெண்டா பிரிஞ்சிரும். சுவரோட குறுக்க போற மாதிரி நீளக் கல்லு நடு நடுவுல வெச்சாத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா பிடிக்கும். அப்பாகூட வேலை செஞ்ச ஒரு பெரியவர கூட்டிட்டுப் போய் ஒரு சுவர் முன்னாடி நிக்க வெச்சு கேளுங்க, அவரே சொல்வாரு.

அப்புறம் ஊட்டில மார்கழி, தை பனில சிமெண்ட் சீக்கிரம் இறுகாது. சென்ட்ரிங்க, அதான் கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கற பலகைய, சீக்கிரம் பிரிச்சுக் குடுன்னு வீட்டுக்காரங்க நெருக்குவாங்க. நான் பாத்த நல்ல மேஸ்திரிங்க எல்லாம் அதுக்கு முடியாதுன்னுட்டு வேலைய விட்டே போயிருக்காங்க. உங்க அப்பாவும் அப்படி சண்டை போட்டிருப்பாரு, அம்மாகிட்ட கேளுங்க.

டீத்தோட்டம்_அக்கா:

படிச்சதும் மனசு என்னமோ பண்ணிருச்சு மா. எங்க அம்மா ரொம்ப காலம் சித்தாளா இருந்தவங்க. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அவர்கூட வேலை செஞ்ச பொம்பளைங்ககிட்ட கண்டிப்பா கேளுங்க. கல்லையும் சாந்தையும் தலைல சொமந்து அந்தச் சரிவுல ஏறினது அவங்கதான். ஒரு கொத்தனார் எப்படிப்பட்ட ஆளுன்னு வீட்டு ஓனரை விட சித்தாளுக்குத்தான் நல்லா தெரியும். கூலிய சரியா பிரிச்சுக் குடுத்தாரா, மழை வந்து பாதி நாள் வேலை நின்னா என்ன பண்ணினாரு, புள்ளத்தாச்சியா இருந்தவளுக்கு என்ன வேலை குடுத்தாரு, வாயில கெட்ட வார்த்தை வருமா, இதெல்லாம் கேளுங்க. அம்மா இன்னும் ஒரு மேஸ்திரிய பத்தி சொல்லும்போது "அவரு எங்கள பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு, ஏய்னு கூப்பிட்டதே இல்ல"ன்னுதான் சொல்வாங்க. அவங்களுக்கு அதுதான் ஞாபகம்.

அவங்க பேசறத ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கங்க, அவங்க பேசற மாதிரியே எழுதுங்க, திருத்தாதீங்க.

மஞ்சூர்_பெருசு:

எங்க அப்பா குந்தா நீர்மின் திட்டத்துல வேலை செஞ்சவரு. கொழும்பு திட்டத்துல கனடாக்காரங்க உதவியோட 1950கள்ல ஆரம்பிச்ச வேலை. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானின்னு அணை அணையா கட்டினாங்க, அந்தக் குளிர்லயும் அட்டைக்கடிலயும் எத்தனை பேரு கெடந்தாங்க. இப்ப போய்ப் பாத்தா கல்வெட்டுல தொறந்து வெச்சவங்க பேரு இருக்கும், எங்க அப்பா பேரு எங்கயும் இல்ல. நான் எழுதி வெக்கவும் இல்ல, அவரோட இருந்தவங்களும் போயிட்டாங்க. உனக்கு இன்னும் கேக்கறதுக்கு ஆளு இருக்காங்க மா. அதனால புத்தகத்துல உங்க அப்பாகூட கல்லு ஒடைச்சவங்க, சொமந்தவங்க, கம்பி கட்டினவங்க அத்தனை பேரு பேரையும் போடு. முதல் பிரதிய அவங்களுக்குக் குடு.

நீலகிரி_யூனியன்:

புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருந்தாரா? அட்டைய தேடி எடுங்க. இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை உண்டு. நாமினி யாருன்னு பாருங்க, இறப்புச் சான்றிதழும் அட்டையும் எடுத்துக்கிட்டு தொழிலாளர் துறை ஆபீஸ்ல சீக்கிரம் போய் கேளுங்க, ஒரு வருஷம் ஆகப் போகுதுன்னா தள்ளிப் போடாதீங்க. நம்ம ஊர்ல நெறைய குடும்பம் துக்கத்துல இத அப்படியே விட்டுருது.

கோத்தகிரி_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மஞ்சூர் ஐயா, உங்க பதில அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பேரெல்லாம் கண்டிப்பா போடறேன், உங்க அப்பாவ பத்தியும் நீங்க இங்கயாவது எழுதணும்.

யூனியன் அண்ணா, அட்டை இருக்கு, அம்மாதான் நாமினி. என் நர்சிங் படிப்புக்கு வாரியத்துல கல்வி உதவி வாங்கினப்போ அப்பா எல்லா பேப்பரையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அரிசி டப்பாவுக்கு மேல வெச்சாரு, இன்னும் அங்கயேதான் இருக்கு. திங்கக்கிழமை தம்பிய அனுப்பறேன்.

சென்ட்ரிங் சண்டை அம்மாவுக்கு ஞாபகம் இருக்காம். ஒரு வீட்டுல பொங்கலுக்கு பால் காய்ச்சணும்னு பலகைய பிரிக்கச் சொல்லி நெருக்கினாங்களாம், இவரு முடியாதுன்னு சொன்னதுல பாதிக் கூலி நின்னு போச்சாம், அந்த வருஷம் எங்களுக்கு புதுத்துணி இல்ல. ஏன்னு எங்ககிட்ட அவரு சொன்னதே இல்ல.

அப்பாவோட கடைசி வரைக்கும் இருந்த சித்தாள் அக்கா ஒருத்தங்க அரவேனுல இருக்காங்க, இந்த ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட போறேன். சுவர் லிஸ்டும் எழுத ஆரம்பிச்சுட்டேன். கட்டபெட்டு, நெடுகுளா, கூக்கல்தொரை பக்கம் அவரு கட்டினது நெறைய இருக்கு, ஆனா எனக்கு இடம் சரியா அடையாளம் தெரியல. அந்தப் பக்கம் இருக்கவங்க, உங்க வீட்டுக்குப் பின்னாடி பழைய கருங்கல் சுவர் இருந்து, மழைக்கு முன்னாடி யாரோ ஒரு ஆளு கம்பியோட வந்து ஓட்டை குத்திட்டுப் போன ஞாபகம் இருந்தா இங்க ஒரு வரி போடுங்க, நான் வந்து ஃபோட்டோ எடுத்துக்கறேன். அடுத்த வாரத்துக்குள்ள சொன்னா பிரிண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சேத்துருவேன்.