மாமனார் விட்டுப்போன டெக்சஸ் கனிம உரிமை

என் கணவர் மிச்சிகன்காரர். அவருடைய தாத்தா மேற்கு டெக்சஸில், ரீவ்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) இருந்த நிலத்தை விற்றபோது, அடியில் கிடக்கும் எண்ணெய், எரிவாயு உரிமையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் மேல்நிலத்தையும் கனிம உரிமையையும் இப்படிப் பிரிக்கலாம். அது மாமனாருக்கு வந்தது. அவர் உயில் எழுதாமலே போய்விட்டார்.

வீடும் வங்கிக் கணக்கும் மிச்சிகன் நீதிமன்றத்தில் முடிந்தன. அங்கே மனைவிக்கு முதலில் ஒரு பெரிய தொகை, மீதியிலும் பாதி. டெக்சஸிலும் அப்படித்தான் என்று அத்தை நம்பியிருந்தார். ஆனால் கனிம உரிமை அசையாச் சொத்து. மண் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலச் சட்டப்படிதான் வாரிசு. பரம்பரையாக வந்ததால் டெக்சஸ் சட்டத்தில் அது மாமனாரின் தனிச்சொத்து. உரிமை பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கில் ஆயுள் அனுபவ பாத்தியம், அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். காலமெல்லாம் கூட வாழ்ந்தவருக்கு இவ்வளவுதானா என்று அத்தை கலங்கிப்போனார். பிள்ளைகள் பேசி, எண்ணெய் எடுக்கிற நிறுவனம் தருகிற பங்குத்தொகையான ராயல்டியை அம்மாவுக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது.

வக்கீல் சொன்னபடி, கோர்ட்டுக்குப் போகாமல் 'அஃபிடவிட் ஆஃப் ஏர்ஷிப்' எழுதினோம். வாரிசு யார் யார் என்று சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் அது. குடும்பத்தை நெடுநாளாக அறிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். மாமனார் வயதுக்காரர்கள் பலர் இன்று இல்லை. அவர்களைத் தேடியதுதான் பெரிய வேலை. பத்திரத்தை ரீவ்ஸ் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிந்த பிறகுதான், எண்ணெய் நிறுவனம் நிறுத்தி வைத்திருந்த ராயல்டியை விடுவித்தது.

இதற்கு நடுவே உரிமையை வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதங்கள் வரும். பக்கத்தில் புது எண்ணெய்க் கிணறு தோண்ட அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று டெக்சஸ் ரயில்ரோடு கமிஷன் (பெயர் அப்படி இருந்தாலும், எண்ணெய், எரிவாயுவைக் கவனிக்கும் அரசு அமைப்பு) வரைபடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

— — —

சகோதரி, உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் குடும்பத்துக் கனிம உரிமை இருப்பது வடக்கு டகோட்டாவில். அங்கே 20 வருஷம் அந்த உரிமையில் குத்தகை, உற்பத்தி, பதிவு என்று எதுவும் நடக்காவிட்டால், மேல்நிலத்துக்காரர் அறிவிப்புக் கொடுத்து அதைத் தனக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். நியூ ஜெர்சியில் இருக்கிற எங்கள் கண்ணில் எப்படிப் படும்? உரிமையை வைத்திருந்து இறந்துபோனவரின் பழைய முகவரிக்குப் போன அறிவிப்புக் கடிதம் எங்கள் கைக்கு வரவே இல்லை. உறவுக்காரர் ஒருவர் பத்திரிகையில் பார்த்துச் சொன்னதால் கெடுவுக்குள் உரிமைக் கோரிக்கையைப் பதிந்தோம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அங்கே இப்படி ஒரு பங்கு இருந்தால், முதலில் அந்தக் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் கடைசிப் பதிவு எந்த வருஷம் என்று கேளுங்கள்.