கொழிஞ்சாம்பாறையில் விக்கிப்பீடியா தன்னார்வலர் குழு

கேள்வி:
வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதுவோர் நாங்கள் சிலர் இருக்கிறோம். உள்ளூர்க் குழுவாகச் சேர்ந்து பணியாற்ற எங்கிருந்து தொடங்குவது என்று மூத்த பயனர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
குழுவுக்கு விக்கிமீடியாவின் முறையான அங்கீகாரம் பெற அவசரப்பட வேண்டாம், ஐயா. முதலில் நூலகத்தில் மாதந்தோறும் கூடி, உங்கள் வயல்களோடு நேரடித் தொடர்புள்ள பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் போன்ற கட்டுரைகளைச் சான்றுகளுடன் விரிவாக்குங்கள். பயிற்சிப் பட்டறையில் ஒரே இணைய இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 கணக்குகளே தொடங்க முடியும் என்பதால், வருவோரை வீட்டிலேயே கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு வந்த ஏழாவது ஆள் முகம் வாடித் திரும்பக் கூடாது.

மறுமொழி 2:
மலையாள விக்கிப்பீடியர்களையும் அவசியம் அழையுங்கள். நீங்கள் எடுக்கும் ஊர்ப் படங்களை, எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் (Commons) ஏற்றினால் இரு மொழிக் கட்டுரைகளுக்கும் பயன்படும். ஆனால் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் அங்கே ஏற்கப்படாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. நூலகரிடம் இந்த வாரமே பேசுகிறேன்.