நிலையிடை நேரம்: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். விமானப் பயணத்தின் தொலைவையும் நேரத்தையும் தமிழில் எந்தச் சொற்களால் குறிக்கலாம் என்று பார்ப்போம்.

இரு ஊர்களுக்கு இடையே உள்ள விமானத் தொலைவை 'நேர்கோட்டுத் தொலைவு' என்று சொல்லலாம் என நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம். பூமியின் மேற்பரப்பில் அளந்தால் சுமார் 7,800 கி.மீ. நிஜமாகவே நேர்கோடு போட்டால் அது மண்ணைத் துளைத்துக்கொண்டு போய் 7,300 கி.மீ. அளவில் முடிந்துவிடும். சுவரில் மாட்டும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்தால் கோடு கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் போகும். உண்மையில் குறுகிய வழி அதற்கு வெகு வடக்கே, சைபீரியாவின் மேலே வளைந்து போகிறது.

கோளத்தை மையம் வழியாக வெட்டினால் விளிம்பில் கிடைப்பது பெருவட்டம். அந்தக் குறுகிய வழி இதன் மேல்தான் போகிறது. இந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே 'பெருவட்டத் தொலைவு' போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

ஆனால் விமானம் உண்மையில் பறக்கிற தூரத்துக்குத் தனிச் சொல் கட்டாயம் வேண்டும். 2022இல் ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டபோது, பின்லாந்தின் ஃபின்னேர் விமான நிறுவனத்தின் ஒன்பதரை மணி நேர ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரமாக நீண்டது. வடதுருவத்தைச் சுற்றியோ தெற்கே வளைந்தோ போக வேண்டியிருந்தது. 1983இல் அதே நிறுவனம் சோவியத் வான்பரப்பைத் தவிர்த்துத் துருவம் வழியாக டோக்கியோ போன கதைதான் திரும்பவும். இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பெருவட்டத் தொலைவு ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. மாறியது பறப்புத் தொலைவு. 'வான்வழித் தூரம்' என்று பொதுவாகச் சொன்னால் இந்த இரண்டும் குழம்பிவிடும்.

சரி, நேரத்துக்கு வருவோம். பயணச்சீட்டில் போட்டிருப்பது வானில் இருக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகர்வது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் தனக்கான இடத்தில் நிற்பது வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். சக்கரத்தடியில் வைக்கும் கட்டையை வைத்து ஆங்கிலத்தில் இதை 'பிளாக் டைம்' என்கிறார்கள். அங்கே 'ஃப்ளைட் டைம்' என்ற சொல்லே முறையான வரையறையில் ஊர்வதையும் சேர்த்துக்கொள்வதால், அதை அப்படியே பெயர்த்தால் குழப்பமும் கூடவே வரும்.

'முட்டுக்கட்டை நேரம்' என்று முதலில் யோசித்தேன். தேர்ச் சக்கரத்துக்கு வைப்பதும் அதுதானே! ஆனால் இன்று முட்டுக்கட்டை என்றால் தடை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்புறம் அந்தத் தேரிலிருந்தே இன்னொரு சொல் கிடைத்தது: நிலை. தேர் வடம் பிடித்து நிலையிலிருந்து கிளம்புகிறது, வீதி சுற்றி 'நிலைக்கு வந்துவிட்டது' என்கிறோம். விமானம் நிற்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

'நிலைநேரம்' என்று சுருக்கினால் நின்றுகொண்டிருக்கும் நேரம் என்று பொருள்பட்டுவிடும். அதனால் 'நிலையிடை நேரம்': ஒரு நிலைக்கும் மறு நிலைக்கும் இடைப்பட்டது. சக்கரம் தரையைவிட்டு எழுந்து மீண்டும் தரை தொடும் வரை உள்ளதற்கு 'பறப்பு நேரம்'.

எழுதிப் பார்த்தேன்: "ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டத் தொலைவு 7,800 கி.மீ.; தற்போதைய நிலையிடை நேரம் சுமார் 13 மணி." எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு எப்படிப் படுகிறது?